சடவா, சண்டையா

வாழ்க காசிராஜன்! இடிமுழக்கம் கேட்டும் குடைதேடா நெஞ்சினன், உளுந்துப் புஞ்சையின் ஒருதனிக் காவலன், உறங்கும் நாயும் எழுந்து வழிவிடும் இருசக்கர வாகனப் பாகன், இடைசெவல் ஈன்ற அவ்வேந்தல், ஐப்பசி மழையில் குளித்த தன் புஞ்சையைக் கண்டு களித்து, செருப்படியில் அப்பிய கரிசலைக் கவசமெனத் தாங்கி, தன் தேவி செண்பகவல்லி அப்போதுதான் துடைத்து ஆடியென மின்ன வைத்திருந்த டைல்ஸ் தரைமீது, பகைவர் கோட்டை புகும் பட்டத்து யானைபோல் நடந்துசென்று, நாற்காலியில் சாய்ந்து, டிவியைப் போட்டான்.

கண்டாள் தேவி. கடுஞ்சொல் உரைத்தாளோ? இல்லை. அதனினும் கொடிய படைக்கலமாம் மௌனத்தை உறைகழித்தாள். காலை இட்லி மௌனமாக வந்தது, நண்பகற் சோறு மௌனமாக வந்தது, ரசம் வரவேயில்லை.

பொழுது சாயும் வேளை, தன் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு அழைக்க நாகலாபுரத்திலிருந்து வந்திறங்கினாள் வேந்தனின் தங்கை வெள்ளைத்தாய். வீட்டின் நிசப்தம் கண்டு திகைத்தாள்.

"என்னண்ணே, மதினிகூடச் சண்டையா?"

தங்கைமுன் தாழ்தல் தகுமோ எனத் தருக்கிய தலைவன், மீசை நீவி முழங்கினான்:

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. அவளுக்குச் சும்மா சடவு."

அந்தோ! கோவில்பட்டித் தீப்பெட்டிகள் அத்தனையும் ஒரேகணத்தில் உரசினாற்போல் பற்றியது அச்சொல். கரண்டியே வேலாக, செருகிய முந்தானையே கச்சையாக, அடுக்களை வாயிலில் தோன்றினாள் செண்பகவல்லி.

"ஏட்டி வெள்ளைத்தாய், நீயே கேளு. சடவுங்கது ஒத்த ஆளுக்கு வாரது. நான்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கேன், இவிய ஒரு பாவமும் அறியாதவிய, அப்படித்தான? சண்டைன்னா ரெண்டு பேருக்கும் பங்கு உண்டு. நான் சண்டைதான் போடுதேன்!"

"காலையிலருந்து வாயே தொறக்கல. பேசாம எப்படிச் சண்ட போடுறது?"

"அதுக்குத்தான் இப்பப் பேசுதேன். சண்டைன்னு ஒத்துக்கிட்டாப் பால்காய்ப்புக்கு வாரேன். சடவுன்னா, இவிய ஒத்தையில வரட்டும்."

கலங்கினான் காவலன். தனியே போய் நின்றால், 'செண்பகம் எங்க?' என்னும் வினாக்கணைகள் சுற்றத்தார் அனைவர் வாயினின்றும் சரமாரியாய்ப் பாயுமே! அன்றியும், அவன் நெஞ்சே அவனுக்கு எதிர்ச்சாட்சி உரைத்தது: சடவென்னும் சொல்லில் தனக்குக் குற்றமில்லை என்பதாலன்றோ அதனடியில் ஒதுங்கினான்! தங்கையை நோக்கினான், அவளோ முந்தானையால் வாய்பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். துணைப்படை இல்லையெனத் தெளிந்த அவ்வீரன், கொடி தாழ்த்தி, குரல் தாழ்த்தி, உலகறிய உரைத்தான்:

"சரி. சண்டைதான். எம்மேலயும் தப்பு உண்டு."

வானோர் மலர்மாரி பொழிந்தனரோ இல்லையோ, மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வெற்றித்திருமகளாய் அடுக்களை மீண்ட செண்பகவல்லி, வென்றவர் தோற்றவர் வேறுபாடின்றி மூவருக்கும் காப்பி கொணர்ந்தாள்.

காசிராஜனுடைய காப்பியில் மட்டும் சீனி இல்லை; பேசாமல் குடித்துவிட்டான்.