சுடுதண்ணிப் போத்தலில் அவிந்த கவிதை

கொதிநீர் பட்ட பிளாஸ்க் மூடியின் ரப்பர் மணம் வந்தால் இன்றைக்கும் நான் மூடியைத் திறந்து உள்ளே ஒருதரம் எட்டிப்பார்ப்பேன்.

அக்காவின் மகள் தாரணி சென்னையில் ஆராய்ச்சி முடித்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினாள். கையில் சுண்டுவிரல் நுனியளவில் ஒரு குழாய், அதற்குள் ஒரு துளி. துளிக்குள் டிஎன்ஏ இழைகள் தாமாகவே மடிந்து கண்ணுக்கெட்டாத தட்டுகளாகி நிற்கின்றனவாம். தட்டின்மேல் மேடு மேடாய்ப் புள்ளிகள், அந்தப் புள்ளிகளே எழுத்து, அதை வாசிக்கத் தனியாக ஒரு கருவி. எழுதியிருந்தது என் கவிதையின் ஒரு வரி. (மனிதர் வாசிக்காததை வாசிக்கக் கருவியாவது வந்ததே.) மறுநாள் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் அதை வாசித்துக் காட்டினால் அவளுக்கு வேலை, இல்லையென்றால் திரும்பவும் கப்பல்.

கோப்பாயில் எங்கள் வீட்டில் அன்று கரண்ட் இல்லை, பிரிட்ஜ் நின்றுபோயிருந்தது. பிளாஸ்கில் ஐஸ் போட்டு, குழாயை நூலில் கட்டி உள்ளே இறக்கி, நூல் நுனியைக் கைபிடியில் முடிந்தாள். சூடு மட்டும் படக்கூடாது என்றாள். நான்தான் பெரிதாகத் தலையாட்டினேன்.

பின்னேரம் அவளைப் பார்க்க அயல் முழுக்க வந்தது. தேத்தண்ணிக்குக் கொதித்த தண்ணீரைப் பிளாஸ்கில் ஊற்றிவைக்கச் சொன்னாள் மனைவி. எனக்கோ அந்நேரம் நிலவைப் பற்றி ஒரு வரி வந்துகொண்டிருந்தது. (நிலவு வந்தது, மூளை போனது.) வீட்டில் பிளாஸ்க் இரண்டு, இரண்டும் சிவப்பு. ஒன்றில் குளிர்ந்து கிடந்த பழைய தண்ணீரைப் பொறுப்பாகச் சரித்துக் கொட்டிவிட்டு, இரண்டையும் நிரப்பினேன்.

காலையில் தாரணி மூடியைத் திறந்தாள். உள்ளே இளஞ்சூடு.

"ஆர் இதுக்குள்ள சுடுதண்ணி விட்டது?"

"வேற ஆர்? உந்த மனுசன்தான்," என்றாள் மனைவி.

தாரணி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு மெதுவாக, இரவு யாராவது திறந்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன், கொலைவழக்குச் சாட்சியின் குரலில். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. சூட்டில் மடிப்பெல்லாம் அவிழுமாம். ஆனால் மூடிய பிளாஸ்குக்குள் மெல்ல மெல்ல ஆறினால் ஒவ்வொரு இழையும் தன் இடம் தேடித் திரும்ப மடியுமாம்.

"நாங்கள் லாப்பில மெசின் வைச்சுச் செய்யிறதும் உதுதான், மாமா. ஆனா மடிஞ்சிருக்குமெண்டு சத்தியம் பண்ணமாட்டன்."

அவள் கொழும்புக்குப் போனாள். மருதனார்மடம் ஆஞ்சநேயருக்கு நான் நேர்ந்த வடைமாலை மணிக்கு மணி நீண்டுகொண்டே போனது. அந்திபட போன் வந்தது: வரி முழுசாக இருக்கிறது, வேலையும் கிடைத்தது. அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டேன். முற்றத்து நாய் எழும்பி ஓடியது.

இப்போது எங்கள் வீட்டில் எனக்கும் மனைவிக்கும் சண்டை வந்தால், அயலவர்கள் "ஆறவிடுங்கோ, திரும்ப மடியும்" என்கிறார்கள்.

போன கிழமை லீவில் வந்துநின்ற தாரணி, திரும்பிப் போகையில் பஸ் படியில் ஏறியபின் என் பக்கம் குனிந்து சொன்னாள்:

"போட்டு வாறன், மாமா. லாப்பில புதுசா ஒண்டு மடியமாட்டனெண்டு அடம்பிடிக்குது. அடுத்தமுறை கொண்டுவாறன், உங்கட கையால ஒருக்காச் சுடுதண்ணி விடுங்கோ."