வளையத்தில் உட்கார்ந்த பூசணிக்காய்

புது மாப்பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. மாமியார் வீட்டில் எந்த வேலையைக் கண்டாலும் "இதெல்லாம் எனக்கு அத்துப்படி" என்று சொல்லிவிடுவார்கள். அந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்த நேரத்தில்தான், கல்யாணமாகி முதல் ஆயுத பூஜை வந்தது.

என் மாமியார் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வீடு சதுரங்கப்பட்டினத்தில். வீட்டு முற்றத்தில் ஒரு பாஸ்கெட்பால் கம்பம் நிற்கும். அங்கே அடிக்கிற உப்புக் காற்றுக்கு இரும்பெல்லாம் முறுக்கு மாதிரி பொடிந்துவிடும். அதனால் வருஷா வருஷம் புரட்டாசியில், மழைக்கு முன்னால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே ஏணியில் ஏறித் துருவைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, வலை மாற்றுவார். ஐம்பத்திரண்டு வயசு! (எனக்கு நாற்காலியில் ஏறி ஃபேன் துடைத்தாலே தலை சுற்றும்.)

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. பள்ளி மைதானம் குளமாகிவிட்டது. நாலு நாளில் அவருடைய பள்ளி அணிப் பெண்களுக்குப் போட்டி. பயிற்சிக்கு இருந்தது இந்த ஒரே வளையம். அவருக்கோ பள்ளியில் வேலை தலைக்கு மேல். "நான் இருக்கேனே அத்தை!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"உப்புத்தாள் போட்டு நல்லா தேச்சுடுங்க மாப்ள. ரெட் ஆக்ஸைடு அடிச்சி ஒரு நாள் காய வுடணும். அப்பால பெயின்ட்டு. பொண்ணுங்களுக்கு இது ஒண்ணுதான் கீது."

இரண்டு நாள் செல்போனில் போயிற்று. பூஜையன்று காலையில்தான் ஞாபகம் வந்தது. அரக்கப் பரக்கத் தேய்த்தேன். ரெட் ஆக்ஸைடு அடித்த ஒரு மணி நேரத்தில் ஆரஞ்சு பெயின்ட்டும் அடித்தேன். புது நைலான் வலையைக் கட்டிவிட்டுக் கீழே நின்று பார்த்தால், ஆஹா, வளையம் பளபளவென்று புதுப்பெண் மாதிரி இருந்தது. பிசுபிசுவென்றும் இருந்தது. அதை யார் தொட்டுப் பார்த்தார்கள்?

கம்பத்துக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. அத்தையின் பந்துக்கும் பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று. பாக்கி, திருஷ்டிப் பூசணிக்காய். புத்தியுள்ளவன் சுற்றிவிட்டுத் தெருவில் உடைப்பான். எனக்கோ, வளையத்துக்குக் கழிக்கிற திருஷ்டி வளையம் வழியாகவே விழுந்தால்தானே பொருத்தம் என்று தோன்றியது. மேலே சூடம் எரிய, காயைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

"ஏங்க, வாணாங்க! தெருவுல ஒடைங்க!" என்று என் மனைவி இந்து கத்தினாள்.

"நீ சும்மா பாரு" என்று சொல்லிக் காயை உள்ளே விட்டேன்.

பந்து உருண்டை, பூசணிக்காய் நீளம். இந்த உண்மை எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது. குறுக்கே விழுந்த காய், காயாத பெயின்ட்டில் கெட்டியாக ஒட்டி உட்கார்ந்துகொண்டது. சூடம் மட்டும் வழுக்கி வலையில் விழுந்தது. நைலான் குபீரென்று பற்றிக்கொண்டது. நான் இறங்கினேன். (குதித்தேன் என்கிறார்கள்.) ஏணியும் என் பின்னாலேயே வந்து விழுந்தது.

தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது கையில் பொரிகடலைத் தட்டு இருந்தது. இன்றுவரை அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

அத்தை அலறவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. ஆனாலும் நேரே போய்ப் பந்தை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி, ஒரே ஒரு ஷாட்டு" என்றார். பட்டுப் புடவையோடு வாசற்படியில் நின்று எறிந்தார்.

அப்படி ஓர் எறியை நான் அதற்கப்புறம் பார்த்ததே இல்லை. பந்து உயரே போய், சரியாகக் காயின் மண்டையில் இறங்கியது. எரிகிற வலையையும் பிய்த்துக்கொண்டு பூசணிக்காய் என் காலடியில் வெடித்தது. காயின் தண்ணீரிலேயே நெருப்பு அணைந்தது. உள்ளே நான் தாராளமாகக் கொட்டியிருந்த குங்குமம் முழுக்க என் வேட்டியிலும் முகத்திலும்.

"ஐயையோ, டீச்சர் வூட்டு மாப்ளக்கி மண்ட ஒடஞ்சிப் போச்சி!" என்று எதிர்வீட்டு அம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

எனக்கு அந்த வெட்கம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. வளையம் கோணியிருந்தால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? அத்தை ஏணியை நிமிர்த்தி ஏறி, வளையத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"நேராத்தான் கீது. வலைய நான் பாத்துக்கறேன். நீங்க போய்க் குளிங்க மாப்ள" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

கடைகள் எல்லாம் மூடியிருந்தன. பக்கத்து வீட்டு மீனவரிடம் நூல் வாங்கிவந்து, பொழுது சாய்வதற்குள் அத்தையே முடிச்சுப் போட்டு ஒரு வலை பின்னிக் கட்டிவிட்டார். மறுநாள் பெண்கள் வந்து ஆடினார்கள். போட்டியில் இரண்டே பாயின்ட்டில் ஜெயித்தார்கள். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அப்படி ஒரு மாமியார் கிடைக்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அதோடு போயிற்றா? அன்றிலிருந்து, வளையத்துக்கும் பலகைக்கும் நடுவே பந்து சிக்கிக்கொண்டால் அத்தையின் அணிப் பெண்கள் அதற்கு வைத்த பெயர் 'மாப்ள'. போன வருஷம் என் சொந்த ஊரான கூடுவாஞ்சேரியில் அத்தையின் பள்ளி அணிக்கு ஒரு போட்டி. ஏழு வயது மகளோடு உட்கார்ந்திருந்தேன். பந்து சிக்கியது. நான் முன்பின் பார்த்திராத எதிரணிப் பெண் ஒருத்தி கத்தினாள்:

"டீச்சர், மாப்ள மாட்டிக்கினாரு! குச்சி எட்தாங்க!"

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, எழுந்திரிங்க. உங்களத்தான் சொல்றாங்க."