லாரி வரும் பின்னே, ஹாரன் வரும் முன்னே

இந்த ஒரு விஷயத்திலாவது மனைவி பேச்சைக் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். கல்யாணமான பதினோரு வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு அதுதான்.

அவள் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறாள். லாரியில் வந்து இறங்கும் பெட்டிகளைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அந்தக் கிடங்குக்கு இணையத்தில் ஓடும் மென்பொருள் செய்யும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்து, என் தலையில் விழுந்தது.

"ஏங்க, லாரி நம்பருக்கு ஒரு கட்டம், பெட்டி எத்தனைன்னு ஒரு கட்டம், அழுத்த ஒரு பட்டன். அது போதும்."

ரசனை கெட்டவள். கட்டம் போட நான் என்ன ஜோசியனா?

இழைத்து இழைத்துச் செய்தேன். பக்கத்தைத் திறந்தால் இசை. நம்பரைத் தட்டினால் திரையில் லாரி உருண்டு வந்து, ஹாரன் அடித்து, புகை விட்டு நிற்கும். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் குதிக்கும். கடைசியில் ஒரு அழகி தோன்றி நன்றி சொல்வாள். கிடங்கு முதலாளி மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார். மூலையில் நின்ற என் மனைவியை ஏளனமாகப் பார்த்தேன்.

அவள் பணிவாக, "முதல் நாள் மட்டும் இவரே என் நாற்காலியில் உட்கார்ந்து பதிந்து காட்டட்டும்," என்றாள். முதலாளிக்குப் பரம சந்தோஷம். புகழ் போதையில் நானும் தலையாட்டினேன்.

திங்கள் காலை இருபத்தேழு லாரிகள். முதல் லாரியில் முந்நூற்று நாற்பது பெட்டிகள். அத்தனையும் திரையில் குதித்து முடிப்பதற்குள் வெளியே நிஜ ஹாரன்கள் அலறின. குளிரில் வைக்க வேண்டிய மருந்து வெயிலில் நின்றது. அவள் அலட்டிக்கொள்ளாமல் அந்தப் பெட்டிகளை மட்டும் காகிதத்தில் குறித்து உள்ளே அனுப்பினாள். ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"சார், வேலை நடக்கணும்னு வந்தா, படம் காட்டுறீங்களே."

முதலில் பெட்டிகளின் குதியாட்டத்தை எடுத்தேன். பிறகு இசையை. மனசே இல்லாமல் அழகியையும் அனுப்பிவைத்தேன். மதியத்துக்குள் திரையில் மிஞ்சியது இரண்டு கட்டம், ஒரு பட்டன். வரிசை சரசரவென்று நகர்ந்தது.

"இந்த விஷயத்துல நான் சொன்னா உங்க காதுல ஏறாது. ஹாரன் சொன்னா ஏறும்னு தெரியும்," என்றாள்.

மாலையில் முதலாளி எங்கள் கம்பெனிக்குக் கடிதம் அனுப்பினார். இனி நான் எதைச் செய்தாலும் என் மனைவி பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஏற்றுக்கொள்ளப்படுமாம். எங்கள் மேனேஜரும் சம்மதித்துவிட்டார்.

வீட்டில் வாய்மொழியாக இருந்த சட்டம், இப்போது எழுத்துமூலம் வந்துவிட்டது.