தொண்ணூற்றொன்பது சதவீத ஏற்றுமதி

என் அக்காவின் ஒரே மகளும், மாமனைக் கணினிக் கடலில் தள்ளிவிட்டுக் கரையில் நின்று கைதட்டுபவளுமான அன்பு மருமகளுக்கு, முதுகு நீங்கலாகச் சகல அங்கங்களும் நலமாக உள்ள தாய்மாமன் எழுதிக்கொள்வது. உன் நலத்தை உன் அம்மா தினமும் மூன்று வேளை எனக்கு வாசித்துக் காட்டுகிறாள், எனவே கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை உன் அப்பா அச்சகத்திலிருந்து ஓய்வு பெறுகிறார். நாற்பது வருஷம் ஊரார் பிழையெல்லாம் திருத்திய மனிதரைப் பற்றிக் கூட்டாளிகள் பேசிய பதினொரு துண்டுப் படங்களை ஒட்டவைத்து, விழாவில் போட்டு அவரைத் திகைக்க வைக்க வேண்டும், அதுவரை அவரிடம் மூச்சு விடக்கூடாது என்றாய். மூன்று நாளாக நான் சொந்த மூச்சையே பாதிதான் விடுகிறேன். மூன்று மணிக்குக் கூரியர்க்காரர் வருவார். நீ ஒரு தடவை பார்த்துவிட்டு விழாவுக்குக் கொண்டுவர, பென்டிரைவும் இந்தக் கடிதமும் அவரோடு புறப்பட வேண்டும். மணி இரண்டு பத்து. திரையில் நாற்பத்தொரு சதவீதம்.

மென்பொருளைத் திறந்ததும் கண்ணில் பட்டது 'ஏற்றுமதி'. துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஏற்றுமதிக் குமாஸ்தாவாக இருந்து ஆயிரம் கப்பல்களை அதட்டி அனுப்பியவனிடமா இந்த வார்த்தை! சரக்கு யாருக்கு, எடை எவ்வளவு, முத்திரை எங்கே, ஒன்றும் கேட்காமல் ஒரு பொத்தானை நீட்டுகிறது. "அக்கா, இத அமுக்கினா அத்தான் படம் வெளிநாட்டுக்குப் போயிடும்போல இருக்கே"ன்னேன். "அவரையும் சேத்து அனுப்பு, சனிக்கிழமைலேருந்து நாள் முழுக்க வீட்லதான் இருக்கப் போறாரு"ன்னுட்டு அவ போயிட்டா. எதற்கு வம்பு என்று 'சேமி'யை மட்டும் அமுக்கி, வந்த கோப்பை உனக்கு அனுப்பினேன். நீ போனில், "மாமா, நீங்க அனுப்பினது சரக்குப் பட்டியல். சரக்கு வரவே இல்ல" என்றாயே, அந்த அவமானத்தில் துறைமுகமே தலைகுனிந்தது.

ஐம்பத்தெட்டு.

முகப்பில் 'சிவப்பு பேனா மன்னர்', முடிவில் 'வாழ்த்துக்கள்' என்று என் கைவண்ணமும் உண்டு. சின்னச் சன்னலில் எல்லாம் அழகாக ஓடுகிறது. முழுத்திரையில் போட்டால்தான் கும்மிருட்டு, சத்தமும் இல்லை. மூலையில் அலையடிக்கும் குட்டிப் பெட்டி ஒன்று மட்டும் கண்ணடிக்கிறது. நூறு தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன். இந்தப் பக்கம் நான் கொதிக்க, கூடத்தில் இன்று விடுப்பிலிருக்கும் உன் அப்பா காதில் ஹெட்ஃபோனோடு டிவி முன்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். கேட்டால் செய்தியாம்! செய்தி பார்த்து யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்களா? வேலை போகிற கவலையில் மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது, ஒரு நல்ல டாக்டராகப் பார்த்து வை.

தொண்ணூற்றொன்பது. பத்து நிமிஷமாக அங்கேயே நிற்கிறது. நானும் எழுந்து, உட்கார்ந்து, நகத்தைக் கடித்து, அடுத்த நகத்துக்கு வந்துவிட்டேன். ஒன்று மட்டும் நிச்சயம்: ரகசியம் பத்திரம். நீ தொட்டதெல்லாம் தொண்ணூற்றொன்பதில் நிற்காமல் நூறைத் தொட வாழ்த்தும்,

உன் மாமன்.

பி.கு.: ஏற்றுமதி முடிந்த அதே நொடியில் கதவுக்கடியில் ஒரு தாள் நுழைந்தது. சிவப்பு மை. "முகப்பு: 'சிவப்பு பேனா', ஒரு 'ப்' சேர்க்க. முடிவு: 'வாழ்த்துக்கள்', ஒரு 'க்' நீக்குக. மற்றபடி அச்சுக்குப் போகலாம்." கடைசி வரியில் மை கலைந்திருந்தது.

ஓடினேன். குட்டிப் பெட்டியின் அர்த்தம் கூடத்து டிவியில் ஆளுயரத்துக்குத் தெரிந்தது: நான் முழுத்திரையில் போட்டதெல்லாம் அங்கேதான் ஓடியிருக்கிறது.

"எத்தனை தடவ பாத்தீங்க அத்தான்?"

"நீ எத்தனை தடவ போட்டியோ அத்தனை தடவ, மாப்ளே. வெள்ளிக்கிழமை எப்படித் திகைக்கணும்? வாயப் பொளந்தா போதுமா, நாற்காலியப் புடிச்சுக்கணுமா?"

"மை ஏன் கலைஞ்சிருக்கு?"

"டீ சிந்திடுச்சு." பக்கத்தில் டம்ளரே இல்லை.

'ப்' போட்டு, 'க்' எடுத்து, மறுபடி ஏற்றுமதி: இரண்டு சதவீதம். கூரியர்க்காரர் வந்துவிட்டார். உன் அப்பா அவரைச் சோபாவில் உட்காரவைத்து, முன்னால் செய்த பிழையுள்ள படத்தையே இன்னொரு தடவை போடச் சொல்கிறார்.