தூங்கும் ரிசப்டர்கள் எழுப்பித் தரப்படும்

காலை ஏழு மணிக்கே வரிசை படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. கட்டில் மெத்தைக் கடைக்கு மேல்மாடி. கீழே தூங்குவதற்குச் சாமான், மேலே எழுப்புவதற்கு ஐயா. பொருத்தமான இடம்தான்!

இரத்தத்தில் காவல் காக்கும் வெள்ளை அணுக்களின் மேல் ரிசப்டர் என்று ஒன்று இருக்கிறதாம். எல்லோருக்கும் அது தூங்குகிறதாம். 'ரிசப்டர் ஐயா' கையை நீட்டினால் விழிக்கிறதாம். முதல் வாக்கியம் மட்டும் உண்மை. ஒரு உண்மையை முன்னால் விட்டுப் பொய்களைப் பின்னால் அனுப்புவது நல்ல தொழில்நுட்பம்.

விரலில் ஒரு குத்து. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு. அது மைக்ராஸ்கோப்புக்குள் போகும். சுவர் டிவியில் நீல உருண்டைகள் தெரியும்; மேலெல்லாம் தொங்கிப்போன கொம்புகள். ஐயா கண்ணை மூடிக் கையை நீட்டுவார். கொம்புகள் நிமிரும். கூட்டம் கை தட்டும். "இனி மாத்திரை எதுக்கு? தூக்கிப் போடு!" என்பார் ஐயா.

அந்தக் கடைசி வார்த்தைதான் விஷம். இருபத்தாறாம் டோக்கனோடு நின்ற தையல்கார அக்கா, இரண்டு வருஷத்துக்கு முன் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவள். கொடுத்தவள் பக்கத்திலேயே நின்றாள், தங்கை. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அக்காவின் கைப்பையில் மாத்திரை டப்பா இருந்தது. இன்றோடு அதை ஒழிக்கப் போகிறாளாம்.

"அக்கா, நீ தூக்கிப் போடப் போறது மாத்திரையை இல்ல, என் கிட்னியை."

"குடுத்ததைச் சொல்லிக் காட்டாதடீ."

"சொல்லிக் காட்டல, கேளு. ரிசப்டர்ங்கிறது அணுவோட கை மாதிரி. வெளியே நீட்டின பக்கம் எதிர்ல வர்றதைத் தொட்டுப் பார்க்கும். உள்ளே இருக்கிற வால் அணுவுக்குத் தகவல் சொல்லும். ஒரே குடும்பத்து ரிசப்டர்கள்தான். ஆனா சிலது 'அடி'ங்கும், சிலது 'நம்ம ஆளு, விடு'ங்கும். உன் உடம்புக்கு என் கிட்னி வெளியாள். அதை அடிக்காம அணுக்களை அடக்கி வச்சிருக்கிறதே அந்த மாத்திரைதான்."

"ஐயா நல்லபடியா எழுப்புவாரு."

"நிஜமாவே எழுப்பினா முதல் அடி கிட்னிக்குத்தான் விழும்!"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கை டோக்கனை வெடுக்கென்று பிடுங்கினாள். "முதல்ல எனக்குப் பார்க்கட்டும்."

உள்ளே ஊசியோடு வந்த ஆளை அவள் தள்ளி நிறுத்தினாள். "நானே குத்திக்கிறேன். தினம் அறுபது பேரைக் குத்துறவ." சுவர் பக்கம் திரும்பினாள். சிவப்புச் சொட்டோடு கண்ணாடித் துண்டை நீட்டினாள்.

டிவியில் அதே நீல உருண்டைகள், அதே கொம்புகள்.

"அடடா, பத்து வருஷத் தூக்கம்! குடும்பக் கவலை அரிக்குது," என்றார் ஐயா. கை நீண்டது. கொம்புகள் நிமிர்ந்தன. கைதட்டல்!

"நிச்சயமா எழுந்திருச்சிடுச்சாங்க?"

"சந்தேகமே வேண்டாம்மா!"

தங்கை கண்ணாடித் துண்டை உருவி எடுத்தாள். மைக்ராஸ்கோப்புக்குள் ஒன்றுமில்லை; ஆனாலும் டிவியில் கொம்புகள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

"ரிசப்டரை இந்த மைக்ராஸ்கோப்ல பார்க்கவே முடியாதுங்க, அவ்வளவு சின்னது. அது கிடக்கட்டும். இது இரத்தமே இல்ல." கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் காட்டினாள். "சிவப்பு மை."

ஐயா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். ஒரு பெரியவர் மெய்சிலிர்த்து எழுந்தார். "பேனா மைக்கே உயிர் குடுத்துட்டாரே!"

இப்படி ஒரு ஆள் இருக்கும்வரை எந்த ஐயாவும் பட்டினி கிடக்க மாட்டார். பாதிக் கூட்டம் மறுபடி கை தட்டியது. ஐயாவின் முகத்தில் களை திரும்பியது.

அப்போது அக்கா வாயைத் திறந்தாள்.

"பத்து வருஷத் தூக்கமா? அந்தப் பேனாவைப் போன வாரம்தானே நான் வாங்கிக் குடுத்தேன்! அதுக்கு என்னங்க குடும்பக் கவலை?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் அறையே சிரித்தது. ஐயா கரண்ட் கோளாறு என்றார். தலைக்கு மேலே மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. சிரித்த வாயோடு வரிசை கலைந்தது.

அக்கா டப்பாவைத் திறந்தாள். ஐயாவுக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்தாள். ஒன்பது மணி மாத்திரையை அவர் கண்ணெதிரே விழுங்கினாள். தங்கைக்குக் கண் கலங்கியது. "கிட்னி சௌக்கியமான்னு கேளேன்டீ," என்று சிரித்தாள் அக்கா.

கண்ணுக்குத் தெரியாத அந்த அணுவுக்குப் படிப்பில்லை, பட்டமில்லை. ஆனாலும் எதிரே வருவதைத் தொட்டுப் பார்க்காமல் அது ஒரு முடிவுக்கும் வருவதில்லை. நாமோ தலைக்குள் முழு மூளையை வைத்துக்கொண்டு டோக்கன் வாங்கி நிற்கிறோம். எழுப்ப வேண்டியது எதை?