பித்தளை நட்டும் பாதாளக்கரண்டியும்

யுத்த காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பஸ்கள் ஓடின என்றால் அதற்குக் காரணம் முதலாளிகள் இல்லை, டிரைவர்கள் இல்லை, பெட்ரோலுக்குப் பதிலாக நாங்கள் எரித்த அடுப்புக்கரியும் இல்லை. சின்னமனூரில் பஸ் நிற்கும் இடத்தில், கிணற்றடியில் குந்தியிருந்த ஒரே ஒரு மனுஷன்தான் காரணம். மறுக்கிறவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுத வேண்டாம். அந்தத் தடத்தில் வண்டி ஓட்டியவன் நான். நீங்கள் இல்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஊரே பாதாளக்கரண்டி என்றுதான் சொன்னது. கிணற்றில் வாளி விழுந்தால் கயிற்றில் கட்டி இறக்குவோமே, கொத்துக் கொத்தாகக் கொக்கி வைத்த இரும்பு, அதுதான் பாதாளக்கரண்டி. தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கும். இரவல் வாங்கப் போனால் ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்து வர வேண்டும். இவர் அந்தக் கரண்டியோடு ஊர் ஊராகப் போய் வாளி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். மோட்டார் வந்ததும் ஒரு நாள் பஸ்ஸின் எஞ்சின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்திருக்கிறார். "இதுவும் கெணறுதான்லே. தண்ணி மட்டும் இல்ல" என்று சொல்லிவிட்டு, குடைக்கம்பிகளை வளைத்து விரல் நீளத்துக்கு ஒரு பாதாளக்கரண்டி செய்துகொண்டார். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னட்டோ, உடைந்துபோன அப்படி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு கம்பியின் முனையில் கட்டிக்கொண்டார். வாய் நிறைய வெற்றிலையோடு உட்கார்ந்துவிட்டார்.

யுத்தத்தில் ஒரு திருகாணிகூடக் கிடைக்காது. மதுரைக்கு எழுதிப்போட்டால் பதில் வருவதற்குள் வண்டியில் கோழி அடை காக்கும். அதனால் ஸ்பேனரோ வாஷரோ எஞ்சின் சந்தில் விழுந்தால், தள்ளிக்கொண்டாவது வண்டியைச் சின்னமனூருக்குக் கொண்டுபோய்விடுவோம்.

போனால் உடனே எடுத்துத் தருவாரா? மாட்டார். முதலில் ஈடு. கிணற்றுக்குப் பாத்திரம் என்றால் பஸ்ஸுக்கு என்ன? அவர் கண்ணில் எது படுகிறதோ அது. மலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவரின் காரில் ஸ்பேனர் விழுந்துவிட்டது. இவர் துரையின் தலையைக் காட்டி, "தொப்பிய வைங்க தொர" என்றார். வேலை முடியும்வரை அந்தத் தொப்பி இவர் தலையில். துரை வெயிலில் மண்டை சிவந்து நின்றார். ஸ்பேனர் வந்தது. கூடவே பல் போன சீப்பு ஒன்றும் வந்தது. தன்னுடையது இல்லை என்றார் துரை. அவருடைய டிரைவர் மட்டும் தன் தலையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

ஈடு கொடுத்த பிறகாவது எடுப்பாரா? அப்போதுதான் நமக்கு ரத்தம் கொதிக்கும். நான் முதல் தடவை ஒரு போல்ட்டைத் தொலைத்துவிட்டுப் போனபோது கேட்டார்:

"இதே மாதிரி இன்னொன்னு இருக்காலே?"

"இருக்கு."

"விழுந்த எடத்துலயே அதையும் போடு."

"யோவ், ஒன்ன எடுக்க வந்தா இன்னொன்னப் போடச் சொல்றீக?"

"சத்தம் கேக்கணும்லே. மொதல்ல விழுந்தது எங்கன போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

போட்டேன். டங், டிக், டிடிக் என்று எங்கேயோ போனது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது வேற வழியில போயிருச்சு. இன்னொன்னு போடு." பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் போட்டேன். உள்ளே மூன்று. கம்பியை விட்டார். "வாடி என் ராசாத்தி, அங்கன என்ன ஒளிஞ்சுக்கிட்டு" என்று கொஞ்சினார். வெளியே வந்தது நான்கு! நாலாவது எந்த டிரைவருடையது என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பெருமையில் அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை.

நான் அவரைத் திட்டாத நாளே கிடையாது. என் வாய் அப்படி. அவரும் விடமாட்டார். "வாரான் பாரு, ஓட்டக்கை டிரைவரு" என்று பஸ்ஸில் இருக்கிற பெண்கள் முன்னாலேயே கத்துவார்.

ஓட்டக்கை என்பது உண்மைதான், என் கையில் எதுவும் நிற்காது. அந்தச் சித்திரையில் எஞ்சின் மேல் ஒரு ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டேன். அது சரிந்து ஃபேனில் மாட்டி ரேடியேட்டரைக் குத்திக் கிழித்துவிட்டது. முதலாளி தேனி ஷெட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவ எதையாச்சும் எஞ்சின்ல போட்டே, வண்டிய விட்டு எறங்கி அப்படியே நடந்து போயிரு." எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். டிரைவர் மாப்பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காகப் பெண் கொடுத்த மாமனார் எனக்கு. வேலை போனால் பெண்ணைத் திரும்பக் கேட்கக்கூடிய ஆள்.

இரண்டு வாரம் கழித்து வீரபாண்டித் திருவிழா. கூடலூரிலிருந்து கூட்டம் பிதுங்கப் பிதுங்க வருகிறேன். சின்னமனூர் வந்ததும் வண்டி இருமியது. கரிவாயுவில் ஓட்டினால் பிளக்கில் கரி படியும், துடைத்தால் போதும். ஒயரை மாட்டும் பித்தளை நட்டைக் கழற்றினேன். பிளக்கைக் கழற்றினேன். வேட்டியில் துடைத்தேன். நட்டு இரண்டு விரலுக்கு நடுவில்தான் இருந்தது. அடுத்த நொடி இல்லை. பிளக் இருந்த ஓட்டை வழியாக நேராக சிலிண்டருக்குள் போய்விட்டது!

எஞ்சின் சந்தில் விழுந்தால் எரிச்சல். சிலிண்டருக்குள் விழுந்தால் சாவு. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் போய்விடும், வண்டி போய்விடும், என் வேலையும் போய்விடும். எஞ்சின் தலையைக் கழற்றினால் இரண்டு நாள். முதலாளிக்குத் தெரியாமலா இருக்கும்?

பாதாளக்கரண்டி எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தவர் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார்:

"எங்கன?"

ஓட்டையைக் காட்டினேன்.

"சட்டையக் கழட்டி வை."

"இந்த நேரத்துலயுமாய்யா ஈடு?"

"மொற மொறதான்லே."

கழற்றிக் கொடுத்தேன். தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த பிளக்கைக் காட்டினார். "அந்த நட்டையும் போடு. சத்தம் கேக்கணும்."

"ஒம்ம மண்டையத்தான் போடுவேன்! உள்ள ஒன்னு கெடக்குறது போதாதா?"

முதல் தடவையாக விட்டுக்கொடுத்தார். வளைக்காத நீளக் குடைக்கம்பி ஒன்றை ஓட்டைக்குள் விட்டு, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டார். கம்பி எதில் முட்டுகிறது என்று பல்லிலேயே தெரியுமாம். கண்ணை மூடித் துழாவினார். சட்டென்று புருவம் ஏறியது. "இருக்கா என் ராசாத்தி!"

காந்தத்தை விட்டார். வரவில்லை. மறுபடியும் விட்டார். வரவில்லை.

"பித்தளையாலே? பித்தளைக்குக் காந்தம்னா யாருன்னே தெரியாது." பிறகு பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார். "எவகிட்டயாச்சும் பலாக்காய் இருக்கா?"

கூடலூர் அம்மாள் ஒருத்தி மடியில் பலாக்காயோடு உட்கார்ந்திருந்தாள். வீரபாண்டியில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். கிளம்பியதிலிருந்து அதை யாரும் தொட விடவில்லை.

"எதுக்குய்யா?"

"பால் வேணும் ஆத்தா. கம்பி முனையில தடவுனா நட்டு ஒட்டிக்கிட்டு வரும்."

"சம்மந்தி வீட்டுக்குக் கொண்டு போறேன்யா!"

"இது வந்தாத்தான் நீ சம்மந்தி வீட்டுக்கே போவ."

அவள் இறங்கி வந்தாள். "காம்ப மட்டும் நறுக்கு. காயில கைய வச்சே, ஒன் கரண்டிய ஒடிச்சுருவேன்."

நறுக்கினார்கள். பால் சொட்டியது. கம்பியில் தடவி விட்டார். தொட்டது, வழுக்கியது. இன்னொரு தடவை. வழுக்கியது. அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"உள்ள எண்ணெயா இருக்கா?"

"எஞ்சின்ல எண்ணெய் இல்லாம வெண்ணெயா இருக்கும்?" என்றேன் நான்.

"ஏலே டிரைவரு, பலா நறுக்குறப்ப பால் ஒட்டாம இருக்க கையில என்னத்தத் தடவுவோம்? எண்ணெயத்தான? எண்ணெய் பட்ட நட்டு எப்படி ஒட்டும்? இது தெரியாம ரெண்டு ஆம்பளைக நிக்கிறீக!"

பாதாளக்கரண்டி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஸ்டார்ட் பண்ணுவதற்கென்று டப்பியில் வைத்திருந்த பெட்ரோலைத் துணிச்சுருளில் நனைத்து உள்ளே விட்டோம். வண்டிக்குப் பின்னால் கரியடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது! "பீடிய அணைங்கடா!" என்று கத்தினேன். ஒரே நேரத்தில் இருபது பீடி பறந்தது. எண்ணெயைக் கழுவித் துடைத்தோம். புதுப் பால் தடவினார். கம்பியை இறக்கினார். அந்த அம்மாள் வீரபாண்டிக் கௌமாரியம்மனைக் கூப்பிட்டாள். நான் என் மாமனாரை நினைத்துக்கொண்டேன்.

மெதுவாக, மெதுவாக, கம்பி முனையில் வெள்ளைப் பாலுக்கு நடுவே பித்தளை மின்னியது. வந்துவிட்டது! கூட்டம் குலவை போட வாயெடுத்தது.

அந்த நேரம் பார்த்துத் தேனியிலிருந்து எதிர் பஸ் வந்து நின்றது. முதலாளி இறங்கினார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பாதாளக்கரண்டிக்கு ஓடியது. நட்டை முனையிலிருந்து பிய்த்தார். வெற்றிலையோடு சேர்த்து வாயில் போட்டு அதக்கிக்கொண்டார்.

"வண்டி ஏன் நிக்குது?" என்றார் முதலாளி. "சட்ட எங்கடா?"

"வேர்க்குது முதலாளி."

"இவரு ஏன் இங்கன நிக்கிறாரு? என்னய்யா, இவன் உள்ள எதையும் போட்டானா?"

பாதாளக்கரண்டி தலையை ஆட்டினார். "ம்ஹூம்."

"வாயத் தொறந்து சொல்லும்யா!"

பஸ்ஸில் ஐம்பது பேர். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. கூடலூர் அம்மாள்தான் பேசினாள். "பிளக்குல கரி ஏறிருச்சாம். தொடச்சாக, முடிஞ்சிருச்சு. நீங்க தள்ளி நின்னீகன்னா நாங்க சாமி கும்புடப் போவோம்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல மனுசன்யா நீரு. ஒதவி செய்ய ஓடி வந்துட்டீரு" என்று பாதாளக்கரண்டியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

'கொளக்' என்று ஒரு சத்தம். சத்தத்தை வைத்தே எது எங்கே போகிறது என்று சொல்லும் ஆளுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாதா? கண் இரண்டும் வெளியே வந்தன. ஆனாலும் சிரித்தபடியே முதலாளிக்குக் கும்பிடு போட்டார்.

முதலாளி ஏறிப் போனதும் நான் அவர் மேல் பாய்ந்தேன். "யோவ்! முழுங்கிட்டீகளா? அதுல பெட்ரோல் இருக்கே! பலாப்பால் இருக்கே!"

அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எஞ்சினுக்குள்ள விழுந்தத எடுக்க நான் இருக்கேன். எனக்குள்ள விழுந்தத எடுக்க எவன்லே இருக்கான்?"

கூடலூர் அம்மாள் பஸ்ஸில் இருந்த வாழைப்பழத்தையெல்லாம் பிடுங்கிக் கொண்டுவந்து அவர் வாயில் திணித்தாள். பிளக்கை மாட்டி, நட்டு இல்லாமலே ஒயரை அதில் சுற்றிக் கட்டினேன். வண்டி கிளம்பியது. வீரபாண்டி போய்ச் சேர்ந்தோம். என் வேலை பிழைத்தது.

அடுத்த நாள் போனேன். "வரல" என்றார். மறுநாள் இரண்டு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். "இன்னும் வரலலே. ஒன்ன மாதிரியே பிடிவாதம்" என்றார். முகம் வெளுத்திருந்தது. அன்று ராத்திரி என் பெண்டாட்டி சோறு போட்டாள். கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். மூன்றாம் நாள் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். கிணற்று மேடையில் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டி, ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார். "வந்துருச்சு டிரைவரு! வந்துருச்சு!"

இறங்கி ஓடினேன். கட்டிப்பிடிக்கத்தான் போனேன். வாய் கேட்கவில்லை, திட்டிவிட்டேன். "கூறு இருக்காய்யா ஒமக்கு? எதுக்கு வாயில போட்டீக?"

"முழுங்கணும்னு நெனைக்கலலே. அந்த ஆளுதான் முதுகுல அடிச்சுட்டான்" என்றார் பாதாளக்கரண்டி. முந்தின நாள் நான் கொடுத்த பழத்தில் ஒன்றை உரிக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், ஐந்து பிள்ளைகளைப் பெற்றேன். அந்த மூன்று நாள் கவலைப்பட்டது போல யாருடைய வயிற்றைப் பற்றியும் நான் கவலைப்பட்டதில்லை.