அப்பாவுவின் மீசையும் சுமத்ராச் சீட்டும்

நாவிதர் கத்தியைத் துடைத்து உறையில் போட்ட பிறகுதான் கூட்டாளி பத்துமலை அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“மச்சான், சீட்டுக்குப் படம் புடிச்சியே, அதுல மீசையோடதானே இருந்த?”

அப்பாவு தலையைத் தடவிப் பார்த்தான். கல்லுமலை முருகனுக்கு நேர்ந்துகொண்ட முடி முழுவதும் காலடியில் கிடந்தது. அதில் மீசை எது, குடுமி எது என்று இனிமேல் பிரித்தெடுக்க முடியாது.

“ஆமா, மீசையோடதான்.”

“குடுமியும் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்ப சீட்டுல இருக்கிற ஆளு வேற, நீ வேறயில்ல? எப்படிலா உன்னக் கப்பல்ல ஏத்துவான்?”

நல்ல கேள்விதான். அரைமணி நேரத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் பத்துமலை அப்படித்தான். அவனுக்கு மூளை வேலை செய்யும், காரியம் முடிந்த பிறகு.

விலை விழுந்ததால் ரப்பரைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று மலாயா சர்க்கார் சட்டம் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. செமோர் பக்கத்துத் தோட்டங்களில் பாதி மரங்கள் சும்மா நின்றன. அப்பாவு வேலை செய்த தோட்டத்தில் ரப்பர் தகடு காயவைக்கும் புகைக்கூடத்துக்கு இரண்டு ஆள் எதற்கு, ஒருவன் போதும் என்று துரை சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் ஒருவன் பெயர் வெட்டப்படும். அந்த ஒருவன் தான்தான் என்று அப்பாவுவுக்குத் தெரியும். மற்றவன் பழனியப்பன், துரையின் நாயைக் குளிப்பாட்டுகிறவன்.

டச்சுக்காரர் ஆளும் சுமத்ராவில் அந்தச் சட்டம் இல்லை. அங்கே ஒரு கம்பெனிக்குப் புகைக்கூடத்து ஆட்களைக் கண்காணிக்க ஒரு மண்டோர் தேவைப்பட்டது. இரண்டு வருட ஒப்பந்தம். முதலில் அப்பாவு மட்டும் போவது, நிலைமையைப் பார்த்துப் பிறகு மனைவி ராக்காயியை அழைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அதுவரை அவள் இங்கேயே பால் வெட்டிக்கொண்டிருப்பாள்.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் அவனை நிற்கவைத்து, உட்காரவைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, என்னென்னவோ இங்கிலீஷில் எழுதினார். கணக்கெழுதும் கிராணி சூசைநாதன் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார். கடைசியாக, படமும் கட்டாயம் என்று கிராணி வீட்டிலிருந்து ராக்காயி சேதி கொண்டுவந்தாள். அப்பாவு அதிர்ந்து போனான். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்புகிறவன் அவன். ஈப்போவில் படக்கடையைத் தாண்டும்போதெல்லாம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நடப்பான். என்ன செய்வது, வேலையில்லாத நீண்ட ஆயுசைவிட வேலையுள்ள கொஞ்சம் குறைந்த ஆயுசு மேல் என்று கண்ணை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தான். படக்காரர் மூன்று தடவை கண்ணைத் திறக்கச் சொன்னார். படத்தை வாங்கிக் கிராணி வீட்டில் கொடுக்கும் வேலையை ராக்காயி ஏற்றுக்கொண்டாள்.

சீட்டு வந்தால் மொட்டை போடுகிறேன் என்று முருகனிடம் சொல்லியிருந்தான். சீட்டு வந்தது. அரக்கு முத்திரை வைத்த உறை. “ஈப்போ ஏஜெண்டு ஆபீஸ்லதான் பிரிக்கணும், நீ கை வச்சே, சீட்டு செல்லாது” என்று சொல்லித்தான் கிராணி கொடுத்தார். முருகனுக்குக் கடன் வைக்கக் கூடாது என்று மறுநாளே ஓடிவந்து மழித்துக்கொண்டான்.

“கிராணியக் கேட்டுப் பாப்போமா?” என்றான் பத்துமலை.

“வேற வினையே வேணாம். கிராணிக்குத் தெரிஞ்சா தொரைக்குத் தெரியும். தொரைக்குத் தெரிஞ்சா சீட்டு பழனியப்பனுக்குப் போயிரும்.”

“தீடாப்பா மச்சான், பரவால்ல. கிளம்ப இன்னும் பன்னண்டு நாளு இருக்கு. முடிய வளத்துருவோம்.”

பத்துமலையிடம் அதற்கு வைத்தியம் இருந்தது. சின்ன வெங்காயத்தையும் மிளகையும் உப்பையும் அரைத்துத் தேய்த்தால் பாறையில்கூட முடி முளைக்கும் என்றான். பாறைக்கு எரியாது. அப்பாவுவுக்கு எரிந்தது. அன்று மாலை லயத்தைச் சுற்றி மூன்று தடவை ஓடியும் எரிச்சல் அடங்கவில்லை. ராக்காயி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் மண்டை முழுக்கக் கொப்புளம்.

“ஏங்க, இம்புட்டுப் பாடு வேணாங்க. அந்தப் படம்…” என்று அவள் ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு புள்ள. சர்க்காரு சமாச்சாரம் உனக்கு என்னா தெரியும்?”

அவள் உள்ளே போய்க் கிண்ணத்தோடு வந்தாள். கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

நான்காம் நாள் பத்துமலை ஒரு பொட்டலத்தோடு வந்தான். ஈப்போ நாடகக் கொட்டகையில் சாமான் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவன் அவனுக்குச் சிநேகிதன். பொட்டலத்துக்குள் தோள்வரை சுருள்சுருளாகத் தொங்கும் ராஜபார்ட் முடி இருந்தது. கூடவே ஆட்டு மயிரில் செய்த ஒரு மீசை.

“முடிய இழுத்துக் கட்டுனா குடுமி. மீசைய ஒட்டுனா நீதான். பாத்தியா?”

முடி சரியாகத்தான் உட்கார்ந்தது. மீசைதான் ஒட்டவில்லை. பேசினால் ஒரு பக்கம் விழுந்தது, சிரித்தால் இரண்டு பக்கமும் விழுந்தது.

“ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு ஒட்டுறதுக்கு யோசிக்கலாமா?” என்று பத்துமலை ஒரு சிரட்டையில் ரப்பர் பால் கொண்டுவந்தான்.

வேர்வைக்குத் தாங்குமா என்று ஒத்திகை பார்க்க, அப்பாவு மீசையோடு புகைக்கூடத்துக்குள் போய் ஒரு மணி நேரம் வேலை செய்தான். தாங்கியது. தாங்கியது மட்டுமில்லை, அந்தச் சூட்டில் பால் இறுகி மீசை முகத்தோடு முகமாகிவிட்டது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண்ணில் நீரோடு வெளியே வந்தவன், நேராகத் துரைக்கு எதிரில் வந்து நின்றான்.

துரைக்குத் தமிழ் தெரியும். முந்தினநாள்தான் வெறும் முகத்தோடு இவனைப் பார்த்திருந்தார். கிட்ட வந்து உற்றுப் பார்த்தார்.

“அப்பாவு, உன் மீசை ஒரு நாளிலே வந்துச்சா?”

“ஆமாங்க தொரை.”

“ரப்பர் மரம் இப்படி வளரல. ரொம்ப நல்லது” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மண்ணெண்ணெய் போட்டு ஊறவைத்து இரண்டு மணி நேரம் உரித்தார்கள். மீசை வந்தது, கூடவே தோலும் வந்தது. மேலுதடு பணியாரம் போல வீங்கியது. இனி அந்த இடத்தில் ஈ உட்கார்ந்தாலே உயிர் போகும் என்றால் மீசையை எங்கே ஒட்டுவது?

“வாயச் சுத்தித் துண்டக் கட்டிக்க. பல்லு வலின்னு சொல்லு” என்றான் பத்துமலை. அவனிடம் எப்போதும் ஒரு யோசனை மிச்சம் இருந்தது.

கிளம்பும் நாள் வந்தது. வழியனுப்ப ராக்காயியும் கூட வந்தாள். காலை வண்டியில் ஈப்போவுக்கு வந்து இறங்கினார்கள். அப்பாவுவின் தலையில் ராஜபார்ட் குடுமி. முகத்தில் பாதியை மறைத்துத் துண்டு. ஆறிவந்த கொப்புளங்கள் முடிக்கு அடியில் அரித்தன. சொறிந்தால் குடுமி நகரும். சொறியாமல் இருந்தால் பைத்தியம் பிடிக்கும். ஏஜெண்டு ஆபீஸ் வரிசையில் அவன் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றான். இன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் தோட்டத்திலும் பெயர் இல்லை, சுமத்ராவிலும் இல்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவின் பெயர் லூயிஸ். உறையை வாங்கி அரக்கை உடைத்தார்.

“வாயில என்னாண்ணே?”

“பல்லு வழி” என்றான் அப்பாவு துண்டுக்குள்ளிருந்து. வீக்கம் இன்னும் வடியாத உதட்டுக்கு ‘வலி’ அவ்வளவுதான் வந்தது.

லூயிஸ் காகிதத்தைப் பிரித்தார். அப்பாவு கண்ணை மூடிக்கொண்டு கல்லுமலை இருக்கும் திசையைக் கும்பிட்டான்.

“பேரு அப்பாவு. வயசு முப்பத்தொண்ணு. சரி. அடையாளம்…” லூயிஸ் விரலை வைத்துப் படித்தார். “உச்சந்தலையில நீளமா ஒரு தழும்பு. டிரெசர் எழுதியிருக்காரு. எங்க, குனிஞ்சு குடுமிய அவுத்துக் காட்டுங்க.”

அப்பாவு குடுமியின் மேல் கையை வைத்துக்கொண்டான். எப்போதோ புகைக்கூடத்துப் பரண் கம்பு விழுந்து உண்டான தழும்பு. அது சீட்டுவரைக்கும் போயிருக்கிறது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

“அவுக்காம அப்படியே…”

“அப்படியே எப்படிண்ணே தெரியும்? நேத்து ஒருத்தருக்கு முடிய வெலக்கிப் பாத்தே அரைமணி நேரம் ஆச்சு. சீக்கிரம். கூட்டம் நிக்குதுல்ல?”

லூயிஸ் எழுந்து வந்து அவரே குடுமியைப் பிடித்தார். அது முழுதாக அவர் கையோடு வந்தது. அவர் ஐயோ என்று கத்திக்கொண்டு அதைத் தரையில் போட்டார். வரிசையில் நின்றவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கட்டை முடி அரும்பிய மண்டையில் தழும்பு பளிச்சென்று தெரிந்தது. பத்தடி தூரத்திலிருந்தே பார்க்கலாம்.

“அட, இம்புட்டு நல்லாத் தெரியுது!” லூயிஸுக்கு மூச்சு திரும்பியிருந்தது. “மொட்டையாவே வந்திருக்கக் கூடாதா? எனக்கும் வேலை மிச்சம்.”

அவர் முத்திரையைத் தூக்கிக் காகிதத்தில் குத்தினார். அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தை அப்பாவு அதுவரை கேட்டதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தான். துண்டை அவிழ்த்துப் போட்டான். பன்னிரண்டு நாள் அரிப்பையும் சேர்த்து இரண்டு கையாலும் தலையை ஆசைதீரச் சொறிந்தான். சந்தோஷத்தில் அழுகையும் வந்தது.

சொறிந்து முடித்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

“ஐயா, படத்துல இருக்கிற மூஞ்சி வேற மாதிரி இருக்குமே, பரவால்லையா?”

“எந்தப் படம்?”

“சீட்டுல ஒட்டியிருக்கிற படம்ங்க.”

லூயிஸ் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். எழுத்து இருந்தது, ரேகை இருந்தது, முத்திரை இருந்தது. வேறொன்றும் இல்லை.

“தோட்டத்து ஆளுங்க சீட்டுக்கு ரேகை போதும்ணே. படம் யாரு கேட்டா?”

அப்பாவு மெல்லத் திரும்பினான். ராக்காயி முந்தானையில் அட்டை ஓரம் துருத்திய ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நாந்தாங்க கேட்டேன். ரெண்டு வருசம் நான் யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கிறது?”